அடுப்படி மேடைக்கு எத்தனை அங்குலம்

ஜனவரி 9
வீடு

உங்களுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். கம்பளி கொண்டுபோனீர்களா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பெட்டி கட்டும்போது நான் அந்த அறையில் இல்லை.

கடிதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் "சாப்டியா?" "ஆச்சு. நீங்க?" "ஆச்சு" என்று முடித்துவிட்டு, அடுத்தவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் நிற்கிறோம். நான் சொல்ல வேண்டிய விஷயம் அதில் அடங்காது.

செவ்வாய்க்கிழமை காலை, அடுப்புக்கு மேலே இருந்த மரத்தட்டு பெயர்ந்து விழுந்துவிட்டது. பருப்பு டப்பா, உப்பு ஜாடி, எண்ணெய்ப் பாட்டில் எல்லாம் அதோடு சேர்ந்து. நான் குளியலறையில் இருந்ததால் தப்பித்தேன். சத்தம் கேட்டு மாடிவீட்டு அக்கா ஓடிவந்தார்.

"என்னம்மா, அவர் வந்துட்டாரா?"

"இல்லக்கா. தட்டுதான் வந்துது" என்றேன்.

எண்ணெயைத் துடைத்து முடிக்க ஒரு நாள் ஆனது. அந்த அடுப்படியில் இன்னும் விழாமல் இருப்பது எது என்று துடைத்துக்கொண்டே பார்த்தேன். சிங்க் ஓரத்தில் விரல் நுழைகிற விரிசல். அலமாரிக் கதவு ஒற்றைக் கீலில் தொங்குகிறது. "அடுத்த வருஷம் பண்ணிடலாம்" என்று பதினொரு வருடம் சொன்னீர்கள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அடுப்படி கட்டிக்கொடுக்கிறவர் வீட்டில் இப்படி ஓர் அடுப்படி. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

நானே செய்யப்போகிறேன். ஆள் வைத்தால் பாதிப் பணம் கூலிக்கே போய்விடும். கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, அரை மில்லிமீட்டர் பிசகாமல் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைக்கிற கைக்கு டைல்ஸ் ஒட்ட வராதா என்ன?

என்னிடம் நாற்பத்தைந்தாயிரம் இருக்கிறது. மேடைக்கு கிரானைட் பதினான்காயிரம், சிங்க்கும் குழாய்களும் ஆறாயிரத்து ஐந்நூறு, டைல்ஸ் எட்டாயிரம், பிளைவுட், கீல், கைப்பிடி பன்னிரண்டாயிரம், சிமெண்ட், மணல், பெயிண்ட் மூவாயிரம். மொத்தம் நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூறு.

மூன்று சந்தேகங்கள். பழைய மேடையை மேலேயிருந்து உடைப்பதா, ஓரத்திலிருந்தா? ட்ரில் மெஷினை விலைக்கு வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? டைல்ஸை மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா?

உங்களைக் கூப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. சந்தேகம் கேட்கத்தான்.

முதுகுக்குத் தைலம் தடவுங்கள்.


ஜனவரி 21
வேலைத்தளம்

உனக்கு,

கடிதம் பதினேழாம் தேதி வந்தது. முதுகு பரவாயில்லை. கம்பளி இருக்கிறது. எண்ணெயில் வழுக்கி விழவில்லையே? நாள் முழுக்கக் குனிந்து லென்ஸ் தேய்க்கிறாயே, கழுத்து எப்படி இருக்கிறது?

ஒரு அறைக்கு ஆறு பேர் நாங்கள். உறையைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டில்காரர், "எங்கேர்ந்து?" என்றார். "வீட்லேர்ந்து" என்றேன். "என்னவாம்?" "டைல்ஸ் கீழேர்ந்து மேலயா, மேலேர்ந்து கீழயான்னு கேட்டிருக்கா." அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் இன்னொரு தடவை படித்தேன்.

இங்கே ஊழியர் குடியிருப்பு கட்டுகிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. எல்லா வீட்டிலும் ஒரே அடுப்படி. இதுவரை எழுபத்தொன்பது முடித்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் முடித்ததும், அடுப்பு வரப்போகிற இடத்தில் நின்று ஜன்னல் வழியாக ஒரு நிமிடம் வெளியே பார்ப்பேன். இங்கே நிற்கப்போகிறவர் கண்ணில் என்ன படும் என்று பார்க்க ஒரு ஆசை.

உன் கணக்குக்கு வருகிறேன். உடைத்த கல்லையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு போக வண்டிக் கூலி இரண்டாயிரம் விட்டுப்போயிருக்கிறது. ட்ரில் முனை, அறுக்கும் பிளேடு, திருகாணி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூறு. எல்லாவற்றையும்விட முக்கியமானது எதிர்பாராத செலவு. பத்தில் ஒரு பங்கை அதற்கென்று தனியாக ஒதுக்கித் தொடாமல் வை. நாலாயிரத்து ஐந்நூறு. சுவரைத் திறந்து பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறதென்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பாய். கிரானைட்டைக் கடையில் வாங்காதே. கல் அறுக்கும் பட்டறைக்கே போய், பெரிய வேலையில் மிஞ்சிய துண்டு இருக்கிறதா என்று கேள். எட்டாயிரத்துக்குள் முடியும். அலமாரிப் பெட்டிகள் இன்னும் உறுதியாகத்தான் இருக்கின்றன. கதவுகளை மட்டும் மாற்று, பன்னிரண்டாயிரம் ஏழாயிரமாகும். எல்லாம் கூட்டிப் பார், நாற்பதாயிரத்து நானூறு வரும்.

மேடையை ஓரத்திலிருந்து உடை. டைல்ஸ் கீழிருந்து மேல், முதல் வரிசை ரசமட்டம் வைத்துப் பார்த்து நேராக நின்றால் மற்றதெல்லாம் தானாக நிற்கும். ட்ரில் வாங்காதே. பரணில் நீலப் பெட்டியில் என்னுடையது இருக்கிறது. உடைக்கும் முன் தண்ணீர்க் குழாயை மொத்தமாக மூடு. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள். உன் கடையில் இல்லாத கண்ணாடியா?

கீழே நான் எழுதிவிட்டு அடித்திருக்கும் வரியைப் படிக்க முயலாதே.

கழுத்தைப் பார்த்துக்கொள்.


பிப்ரவரி 6
வீடு

உங்களுக்கு,

கழுத்து பழையபடிதான். கை மட்டும் தோளிலிருந்து தனியாகத் தொங்குகிறது. ஞாயிறும் திங்களும் மேடையை உடைத்தோம். மாடிவீட்டு அக்கா பெரிய சுத்தியலை வாங்கிக்கொண்டு, "நீ தள்ளும்மா" என்று போட்ட போட்டில் பாதி மேடை போய்விட்டது. உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே, "எங்க வீட்டுக்காரர் மேல இருந்த கோபம் பாதி போச்சு. மீதி மேடை நாளைக்கு" என்றார்.

அலமாரியை நகர்த்தியதும் பின்னால் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஈரம். கை வைத்தால் மண்ணாக உதிர்கிறது. உள்ளே போகும் குழாய் எத்தனை வருடமாகக் கசிகிறதோ. மேலே சுண்ணாம்பு அடித்து அழகாகத்தான் வைத்திருந்தோம். இதற்கு என்ன செய்வது? குழாயை மாற்ற வேண்டுமா, அடைத்தால் போதுமா? ஈரம் காய எத்தனை நாள் விட வேண்டும்?

கூடத்தில் ஒற்றை அடுப்பை வைத்துச் சமைக்கிறேன். குளியலறையில் பாத்திரம் கழுவுகிறேன். அளந்து வைத்தாலும் சோறு ஒரு ஆளுக்கு மேல் மிஞ்சிவிடுகிறது.

நீலப் பெட்டியை இறக்கினேன். ட்ரில் நன்றாக ஓடுகிறது. பெட்டியில் இருந்த மற்றதையும் பார்த்தேன்.

குழாய்க்குச் சீக்கிரம் பதில் எழுதவும். குளிர் குறைந்ததா?


மார்ச் 11
வேலைத்தளம்

உனக்கு,

நலம்தானே? தாமதத்துக்குக் காரணம் காய்ச்சல் என்று எழுத நினைத்தேன். காய்ச்சல் எதுவும் இல்லை.

குழாயை அடைக்காதே, மாற்று. சிங்க்கிலிருந்து கூடத்துச் சுவர் வரை புதிதாகப் போடு. பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு, பதினைந்து நாள் ஜன்னலைத் திறந்து வைத்துக் காயவிடு. அப்புறம் ஈரம் ஏறாத பூச்சை இரண்டு தடவை பூசு. இதற்குத்தான் அந்த நாலாயிரத்து ஐந்நூறு.

பெட்டியில் இருந்த காகிதமெல்லாம் குப்பை. எறிந்துவிடு.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.


மார்ச் 20
வீடு

உங்களுக்கு,

உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்பதில் சந்தோஷம். நானும் நன்றாக இருக்கிறேன்.

ஈரச் சுவரை வைத்துக்கொண்டு ஒரு மாதம் காத்திருக்க முடியவில்லை. குழாய், சிமெண்ட் விற்கிற சாமான் கடை அண்ணனைக் கேட்டுக் குழாயை மாற்றி, பூசியும் ஆகிவிட்டது. நீங்கள் எழுதியதையேதான் அவரும் சொன்னார். ஐயாயிரத்து இருநூறு ஆனது. எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கியது போக எழுநூறு அதிகம்.

குப்பை என்று எழுதியிருக்கிறீர்கள். அறுபத்து மூன்று சீட்டு இருக்கிறது. எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிப் படித்தேன்.

உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று எனக்குத் தெரிய வந்தது, கணக்கு முடிக்க வரச்சொல்லி உங்கள் பழைய அலுவலகத்திலிருந்து வந்த போனில்தான். "அவர் நின்னு ரெண்டரை மாசம் ஆச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்று அந்தப் பெண் கேட்டாள். தெரியும் என்று சொன்னேன். அன்று ஆறரை மணிக்கு நீங்கள் சாப்பாட்டு டப்பாவோடு வந்து, "இன்னிக்கு வேலை ஜாஸ்தி" என்றீர்கள். "சரி" என்றேன். போன் வந்ததை மறுநாள்தான் சொன்னேன். அந்த எழுபத்து நாலு நாளும் ஏதோ பூங்காவில் உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு வந்தீர்கள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சீட்டில் ஒவ்வொரு பட்டறையின் பெயரும், போன நேரமும், சொன்ன பதிலும் இருக்கிறது. "ஆள் எடுத்தாச்சு." "வயசு கேட்டாங்க." "திங்கட்கிழமை வரச் சொன்னாங்க." அடுத்த திங்கட்கிழமைச் சீட்டில், "யாருன்னு கேட்டாங்க." ஒன்றில் மட்டும் பட்டறையின் பெயர் இல்லை. "மழை. எங்கும் போகல. பஸ் நிலையத்துல சாப்பிட்டேன். டப்பாவில முட்டை வச்சிருந்தா. இறங்கல."

சீட்டு எதையும் எறியவில்லை, நீலப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.

இப்போது அவசரமாக ஒன்று தெரிய வேண்டும். மேடைக்கு எத்தனை அங்குலம் உயரம்? பட்டறையில் மிஞ்சிய கிரானைட் துண்டு ஏழாயிரத்து எண்ணூறுக்குக் கிடைத்துவிட்டது. தாங்கும் சுவரை இந்த வாரம் எழுப்ப வேண்டும். என் முழங்கைக்கு முப்பத்தொன்று சரி. உங்கள் முழங்கைக்கு முப்பத்தைந்து. எந்த உயரத்துக்குப் போடுவது என்று எழுதவும்.

பதில் வரும்வரை வேலையை நிறுத்தி வைக்கிறேன்.


ஏப்ரல் 2
வேலைத்தளம்

உனக்கு,

உன் உடம்பு தேவலையா? சுவர் கொத்தும்போது வாயைத் துணியால் கட்டிக்கொண்டாயா?

முப்பத்தொன்று போடு. யோசிக்கவே வேண்டாம். உன் உயரத்துக்கே போடு.

சீட்டைப் படித்துவிட்டாய். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வேலை போன அன்றே சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத்தான் கடையில் உனக்குச் சம்பளம் கூட்டியிருந்தார்கள். ஆப்பிள் வாங்கி வைத்திருந்தாய். நோட்டில் கோடு போட்டுக்கொண்டு, "இந்தத் தடவை அடுப்படி பண்ணிடலாம், உங்க சம்பளத்துல மாசம் இவ்வளவு, என் சம்பளத்துல இவ்வளவு" என்று கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டிருந்தாய். எழுதும்போது உன் நாக்கு நுனி உதட்டு ஓரத்தில் வந்து நிற்கும், அது உனக்குத் தெரியாது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டாய்.

இங்கே நூற்று நாற்பதாவது வீடு நடக்கிறது. வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது.

நிறையத் தண்ணீர் குடி.


ஏப்ரல் 29
வீடு

உங்களுக்கு,

நலம்.

முப்பத்தொன்று போட்டாயிற்று. கல்லைத் தூக்க நாலு பேர் வந்தார்கள், கூலி அறுநூறு. டைல்ஸ் நாலு வரிசை முடிந்தது. முதல் வரிசை நேராக இருக்கிறது. இங்கே எல்லாம் என் ஒருத்திக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

இத்தனை நாள் உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.


மே 10
வேலைத்தளம்

உனக்கு,

உன் கடிதத்தில் ஒன்பது வரி இருந்தது. அதில் சொன்னதைவிட சொல்லாததுதான் பெரிதாகத் தெரிகிறது. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று முதலில் பயந்தேன். மூன்று நாள் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் படித்தேன். "என் ஒருத்திக்கு" என்ற இடத்தில் பேனா அழுந்தி, காகிதத்தின் பின்பக்கம் தடம் தெரிகிறது.

பக்கத்துக் கட்டில்காரரிடம் கேட்டேன். அவருக்கு மூன்று மகள்கள். "மேடை உயரம் எவ்வளவுன்னு கேட்டா, அவ உயரத்துக்கே போடச் சொன்னேன். நல்லதுதானே சொன்னேன்?" என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ நல்லா வேலை செய்வே. மூளைதான் கொஞ்சம் கம்மி" என்றார். விளக்கிச் சொன்னார். அதற்கப்புறம்தான் நீ என்ன கேட்டாய் என்று எனக்குப் புரிந்தது.

நான் ஏன் முப்பத்தொன்று சொன்னேன் என்று கேள். இந்தத் தொழிலில் இருபது வருடமாக இருக்கிறேன். பணம் கொடுக்கிறவர் உயரத்துக்குத்தான் மேடை வைக்கச் சொல்வார்கள். அதில் நிற்பவர் தோளைத் தூக்கிக்கொண்டே வெங்காயம் நறுக்குவார். பழைய மேடையில் நீ பதினொரு வருடம் அப்படித்தான் நின்றாய். கடையில் நாள் முழுக்கக் கழுத்து வலி, வீட்டுக்கு வந்தால் தோள் வலி. நான் பக்கத்தில் நின்று பார்த்தும், உயரத்தை மாற்றுவது என் தொழிலாக இருந்தும், மாற்றவில்லை. அதனால் சொன்னேன்.

நான் அங்கே வந்து நிற்கப்போவதில்லை என்பதால் அப்படிச் சொன்னேன் என்று நினைத்துவிட்டாய். எனக்குக் குனியத் தெரியும். குனிந்தே வேலை பார்த்த முதுகு இது. முப்பத்தொன்றில் நின்று நறுக்குவது எனக்குக் கஷ்டமே இல்லை.

பதில் எழுது. கீல் பற்றியோ கைப்பிடி பற்றியோ, எதைப் பற்றியாவது.


ஜூன் 16
வேலைத்தளம்
காலை பத்தரை

உனக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் நன்றாக இருந்ததால் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். கடிதத்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு வேலை முடிந்துவிட்டது. மீதி வீடுகளை வேறு குத்தகைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று பத்து மணிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். இப்போது மணி பத்தரை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அறைக்குக்கூடப் போகவில்லை. நூற்று எழுபத்தாறாம் நம்பர் வீட்டு மேடையில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போனில் சொல்லலாம் என்றுதான் வாசல் வரை போனேன். நான் சொன்னதும் நீ "சரி" என்பாய். போன செப்டம்பரில் "தூரத்துல ஒரு வேலை வந்திருக்கு, போகட்டுமா?" என்று கேட்டபோதும் "சரி" என்றுதான் சொன்னாய். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று ஒன்பது மாதமாக யோசிக்கிறேன். இன்னொன்றை வாங்கிக்கொள்ளத் தெம்பில்லை. அதனால் திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன்.

இன்னொரு கம்பெனிக்காரர் ஆள் எடுக்கிறார். இதைவிடத் தூரம், இரண்டு வருடம். சம்பளம் நல்ல சம்பளம். முப்பதாம் தேதிக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று உன்னைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் விஷயம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதவெல்லாம் மாட்டிவிட்டாயா? இடைவெளி ஒழுங்காக வந்ததா?

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.


ஜூன் 25
வீடு

உங்களுக்கு,

நேற்று சாயங்காலம் கடிதம் வந்தது. இரவு எழுத வரவில்லை. விடிந்ததும் எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

அடுப்படி முடிந்துவிட்டது. இந்த மாதம் ஐந்தாம் தேதி கடைசிக் கதவு மாட்டினேன். மொத்தம் நாற்பத்தாறாயிரத்து எண்ணூற்றைம்பது; கதவுப் பலகையும் டைல்ஸும் நம் கணக்குக்கு மேல் ஐயாயிரத்துச் சொச்சம் இழுத்துவிட்டன. கையில் இருந்ததற்கு மேல் போன ஆயிரத்து எண்ணூற்றைம்பதை, கடையில் இரண்டு ஞாயிறு கூடுதலாக வேலை பார்த்து அடைத்துவிட்டேன். கதவு இடைவெளியை என் கடை அளவுகோலால் அளந்தேன், எல்லாம் இரண்டு மில்லிமீட்டர். ஒன்று மட்டும் இரண்டரை. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிகிறது.

மாடிவீட்டு அக்கா வந்து எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "அவர் பார்த்தா பொறாமைப்படுவார்" என்றார். அந்த இரண்டரை மில்லிமீட்டர் கதவை மறுபடி துடைத்தேன். அக்கா பேச்சை மாற்றிவிட்டார்.

உங்கள் மே மாதக் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். "எனக்குக் குனியத் தெரியும்" என்ற வரிக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்விடுவேன். அதற்குள் கீலும் முடிந்துவிட்டது, கைப்பிடியும் முடிந்துவிட்டது. கேட்பதற்கு ஒரு சந்தேகமும் மிச்சம் இல்லை. சந்தேகம் இல்லாமல் உங்களுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். நான் கேட்டதில் பாதிக்குச் சாமான் கடை அண்ணன் முதலிலேயே பதில் சொல்லியிருந்தார். டைல்ஸ் கீழிருந்து மேல் என்று ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். அது உங்கள் கையெழுத்தில் வர வேண்டும் என்று இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை போனதில் எனக்குக் கோபம் இல்லை. மறைத்ததற்குக்கூட அவ்வளவு இல்லை. அந்த எழுபத்து நாலு நாளும் சாயங்காலம் வந்து, இன்று வேலையில் இது நடந்தது, மேஸ்திரி இப்படிச் சொன்னார் என்று கதை சொன்னீர்கள். மேஸ்திரி பெயிண்ட் டப்பாவுக்குள் காலை விட்டுக்கொண்ட கதையைக் கேட்டு நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று தெரிந்த பிறகு, சிரித்த என்னை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் "சரி" என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொன்னேன். நீங்கள் பெட்டி கட்டியபோது கூடத்தில் உட்கார்ந்து, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நான் போகலை" என்று சொல்லமாட்டீர்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நான் சொல்லியிருக்க வேண்டும்.

பத்து மணிக்கு நடந்ததைப் பத்தரைக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை.

கடிதம் முப்பதாம் தேதிக்குள் உங்களிடம் சேராது என்று தெரியும். போன் செய்யலாம். ஆனால் போனில் என் வாய் என்ன சொல்லும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. இது சேர்வதற்குள் நீங்கள் அந்த வேலைக்குச் சரி என்று சொல்லியிருந்தால், அதையும் தாங்கிக்கொள்கிறேன். சொல்லாமல் இருந்தால் இதைப் படியுங்கள்.

புது அடுப்படியில் இருபது நாளாகச் சமைக்கிறேன். குழாய் கசியவில்லை. தோள் வலிக்கவில்லை. எல்லாம் கைக்கு எட்டுகிறது. நறுக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் இருக்கிறதே, அங்கே யாரும் இல்லாததுதான் பழைய அடுப்படியைவிட இதில் நன்றாகத் தெரிகிறது.

நீங்கள் எப்போது வருகிறீர்கள்?


ஜூலை 3
பேருந்து நிலையம்

உனக்கு,

நலம். கடிதம் இன்று மத்தியானம் கிடைத்தது.

அந்த வேலை வேண்டாம் என்று முப்பதாம் தேதி காலையிலேயே சொல்லிவிட்டேன். அப்போது உன் பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்பது என்று இருந்தேன். கணக்கு முடிக்கத்தான் மூன்று நாள் ஆனது.

பேருந்து ஆறு மணிக்கு. இரண்டு நாள் பயணம். இந்தக் கார்டு வந்து சேர எட்டு நாள் ஆகும். தபால்காரர் இதைக் கொண்டுவரும்போது கதவைத் திறந்து வாங்குவது அநேகமாக நானாகத்தான் இருப்பேன். பக்கத்துக் கட்டில்காரர் வழியனுப்ப வந்திருக்கிறார். "நீ போய்ச் சேர்ந்த அப்புறம் வரப்போற கார்டை இப்ப எதுக்குய்யா எழுதறே?" என்று கேட்கிறார்.

அவருக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லாமல் கிளம்ப எனக்கு மனம் வரவில்லை.

சொல்லிவிட்டேன். கிளம்புகிறேன்.